நான் எதைப் பெற்றுக்கொண்டேன், அண்ணே?

மார்ச் 8 வந்தால் எங்கள் அலுவலகத்தில் கோலப் போட்டி வைப்போம். பதினோரு வருடம் அதை முன்நின்று நடத்தியவன் நான். பெண் ஊழியர்கள் காலை எட்டரைக்கே வந்து வெயிலில் குனிந்து கோலம் போடுவார்கள். நாங்கள் மூன்று ஆண்கள் கையில் பேப்பருடன் நடந்து மார்க் போடுவோம். அப்புறம் நான் மைக்கைப் பிடித்து, பெண்களுக்குச் சம உரிமை கொடுக்க வேண்டும் என்று இருபது நிமிடம் பேசுவேன். கைதட்டலும் விழும். அந்தப் பேச்சில் 'கொடுக்க வேண்டும்' எத்தனை தடவை வந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

பெண்ணியம் என்றால் ஆண்களை வெறுப்பது, பட்டணத்தில் படித்தவர்களின் பொழுதுபோக்கு, குடும்பத்தைப் பிரிக்கிற வேலை. ஊரில் எல்லோரும் சொல்கிற இதையெல்லாம் நானும் பாதி நம்பியிருந்தேன். அதற்கெல்லாம் அடியில் ஒன்று கிடந்தது. உரிமை என்பது என் பெட்டியில் இருக்கிற சாமான், நான் நல்லவன் என்பதால் எடுத்துக் கொடுக்கிறேன் என்ற நினைப்பு. அதை அசைத்தது ஐந்து பக்க விடுதலைப் பத்திரம் ஒன்று, அதாவது சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒருவர் எழுதிக் கொடுக்கிற பத்திரம்.

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். நான் மூத்தவன், அடுத்து தம்பி, கடைசியில் தங்கச்சி. நிலம் ஒன்பது மா, அதாவது ஏறத்தாழ மூன்று ஏக்கர். நாலு மா பாட்டன் வழியில் வந்தது, ஐந்து மா அப்பா சம்பாதித்து வாங்கியது. அப்பா 2018இல், கஜா புயலுக்கு ஒரு மாதம் முன்னால் இறந்தார். கருமாதி அன்றே தம்பி பத்திர எழுத்தரிடம் பேசி வைத்திருந்தான். "தங்கச்சி வந்திருக்கு, மச்சானும் இருக்கார், ஒரே வேலையா கையெழுத்து வாங்கிடலாம்ண்ணே." எனக்கும் சரியென்றுதான் பட்டது. வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் எழுத முடியாது என்று எழுத்தர் சொல்லிவிட்டார். அதற்குள் புயல் வந்து தென்னையெல்லாம் சாய்ந்தது. அப்புறம் கொரோனா. இப்படியே 2021 தை மாதம் ஆகிவிட்டது.

இதில் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். துக்க வீட்டில், ஊரும் உறவும் சுற்றி நிற்கும்போது ஒரு பெண்ணிடம் கையெழுத்து கேட்பது கேட்பதே ஆகாது. அப்பா போன பதினாறாம் நாள், அண்ணன்மார் இரண்டு பேர் எதிரில், அம்மா மூலையில் அழுதுகொண்டிருக்க, எந்தத் தங்கை 'படித்துப் பார்க்கிறேன்' என்பாள்? அன்று கையெழுத்தாகியிருந்தால் அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தாள் என்றே நான் ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன். மனதார நம்பியும் இருப்பேன்.

தை மாதம் பத்திர நகல் அவள் கைக்குப் போனது. மறுநாள் போன் வந்தது.

"அண்ணே, கையெழுத்துப் போடறேன். அதுல ஒண்ணுமில்ல. ஆனா இதுல 'எனது பாகத்துக்கு ஈடாக ரொக்கமும் நகையும் ஏற்கெனவே பெற்றுக்கொண்டபடியால்'னு எழுதியிருக்கே. நான் எதைப் பெற்றுக்கொண்டேன்?"

குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே கேட்டாள். எனக்குத்தான் கோபம் வந்தது. முப்பது பவுன் போட்டு, பாத்திரம் பண்டம், பைக் எல்லாம் செய்து கட்டிக் கொடுத்தோமே, மறந்துவிட்டதா? தம்பி ஒரு படி மேலே போனான். "இது அவ பேச்சு இல்லண்ணே. மச்சான் தூண்டி விடறார்." சித்தப்பா, மாமா, அத்தை எல்லோரும் அதையே சொன்னார்கள். ஒரு பெண் கணக்கு கேட்டால் அவளுக்குப் பின்னால் யாரோ ஒரு ஆண் இருந்தாக வேண்டும் என்று எல்லோருமே எப்படித்தான் முடிவு செய்கிறோமோ!

உண்மை என்ன தெரியுமா? மச்சான் அவளைக் கையெழுத்துப் போடச் சொல்லித்தான் வற்புறுத்திக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு தங்கைகள். நாளைக்கு அவர்கள் வந்து நின்றால் என்ன சொல்வது என்பது அவருடைய கவலை.

சரி, கணக்கைக் காட்டியே விடுவோம் என்று அப்பாவின் பழைய நோட்டுகளை எடுத்தேன். அப்பா எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவர். '1996, மகள் கல்யாணம்' என்று தலைப்புப் போட்டு நாலு பக்கம். பவுன் நாலாயிரம் ரூபாய்க்கு விற்ற காலம். நகை, பந்தல், சமையல்காரர், பைக் என்று வரிசையாக எழுதி அடியில் கோடு போட்டு மொத்தத் தொகை. அதை அப்படியே போட்டோ எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்ப இருந்தேன். என்ன தோன்றியதோ, எங்கள் இரண்டு பேருக்கும் செலவான பக்கத்தையும் தேடினேன்.

அப்படி ஒரு பக்கமே இல்லை. செலவு இருந்தது, தலைப்புத்தான் இல்லை. 1990இல் தம்பியைத் தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்க்க இரண்டு மா நிலத்தை விற்றிருக்கிறார். உரம், கூலி, மாட்டுக்குத் தவிடு ஆகியவற்றுக்கு நடுவில் 'சின்னவன் காலேஜ்' என்று ஒரு வரி. என் கல்யாணச் செலவு அந்த வருடத்து அறுவடைக் கணக்கோடு கலந்து கிடந்தது. எனக்கு வேலை கிடைக்க யார் யாருக்கோ கொடுத்த பணம், தம்பி முதன்முதலில் வைத்த கடை மூழ்கியபோது அடைத்த கடன், எல்லாமே 'வீட்டுச் செலவு'. மகளுக்குச் செய்தது மட்டும் தனித் தலைப்பில், கூட்டிப் பார்த்த தொகையாக. எங்களுக்குச் செய்தது குடும்பம் நடந்த வகை, அவளுக்குச் செய்தது பாக்கி தீர்த்த வகை. அப்பா வஞ்சகமாக இப்படி எழுதவில்லை. அவருக்கு அப்படித்தான் எழுத வந்தது. எனக்கும் அதுவரை அப்படித்தான் படிக்க வந்தது.

தங்கச்சி 1991இல் பிளஸ் டூ முடித்தாள். நர்சிங் படிக்க ஆசைப்பட்டாள். அப்போது கையில் காசில்லை. ஏன் இல்லை என்பது அந்த ஒற்றை வரியில் இருந்தது.

முப்பது பவுனில் இன்று அவளிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். தாலிச் சங்கிலியும் ஒரு ஜோடித் தோடும். மீதி அடகுக் கடைக்குப் போய் மச்சானின் வியாபாரத்தில் கரைந்துவிட்டது. நிலம் இருந்த இடத்திலேயே இருந்து விலை ஏறியது, நகை கை மாறிக் காணாமல் போனது. இதில் இன்னொரு கூத்து உண்டு. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961ஆம் வருடச் சட்டப்படி குற்றம். 'பைக் வாங்கிக் கொடுத்தோம், அதனால் பங்கு கிடையாது' என்பது ஒரு குற்றத்தையே ரசீதாக நீட்டுகிற வேலை.

அதற்கப்புறம்தான் நாகப்பட்டினத்தில் இருக்கும் என் பழைய வகுப்புத் தோழன், வக்கீல், அவனிடம் போனேன். பெண்ணுக்குச் சொத்துரிமை என்பது ஏதோ நேற்று வந்த புதுச் சட்டம் என்றுதான் நினைத்திருந்தேன். அவன் பின்னோக்கிச் சொல்லிக்கொண்டே போனான். 2020 ஆகஸ்ட் 11, வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனைப் போலவே பிறப்பிலேயே உரிமை, 2005இல் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற கேள்வியே வேண்டாம். 2005 செப்டம்பர் 9, நாடு முழுவதற்குமான சட்டத் திருத்தம். அதற்கும் முன்னால் தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குக் கல்யாணமாகாத மகள்களுக்கு அந்த உரிமை வந்துவிட்டது. செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் 1929லேயே தீர்மானம் போட்ட விஷயம், சட்டமாக அறுபது வருடம் பிடித்திருக்கிறது.

"உன் தங்கச்சிக்கு எப்ப கல்யாணம்?" என்றான்.

"தொண்ணூத்தாறு."

"அப்ப எண்பத்தொம்பதுலேருந்தே அவ கூட்டுப் பங்காளிடா. பதினஞ்சு வயசுப் பிள்ளை. உங்க வீட்ல யாருக்கும் தெரியல, அவ்வளவுதான்."

அவன் அடுத்துச் சொன்னதுதான் என்னை இன்னும் உலுக்கியது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுப்போன ஐந்து மா நிலத்துக்கு 1989ம் வேண்டாம், 2005ம் வேண்டாம். 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சரிபங்கு. அம்மா, நான், தம்பி, தங்கச்சி என்று நாலு பங்கு. பாட்டன் வழி நாலு மாவின் கணக்கு கொஞ்சம் சிக்கல்தான். ஆனால் எந்த வழியில் போட்டாலும் தங்கச்சியின் பங்கு எங்கள் பங்குக்கு ஒரு குழி குறையவில்லை.

நான் யாருக்கோ எதையோ கொடுக்கப் போகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனவன். கொடுக்க என்னிடம் எதுவுமே இல்லை. என்னிடம் இருந்தது அவளுடையது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கடுமையாக எதிர்த்தது அவர்தான். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குடா நெலம்? ஊர்ல சிரிப்பாங்க." பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்று இதற்குத்தான் சொல்கிறார்கள் என்று உள்ளுக்குள் நினைத்தேன். பேச்சுவாக்கில், ஐந்து மாவில் கால் பங்கு உங்களுக்கும் உண்டு என்றேன். அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குமா?"

அப்புறம் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் காபி குடிக்கும்போது சொன்னார்: "எம் பங்க யாருக்கும் எழுத வேணாம். நா இருக்குற வரைக்கும் எம் பேர்லயே கெடக்கட்டும்." எழுபத்துநாலு வயதில் வந்த வார்த்தை. மகளுக்குப் பங்கு போனால் மகன்கள் கோபித்துக்கொள்வார்கள், கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்றுவது யார் என்ற பயம்தான் அதுவரை அவரைப் பேச வைத்திருக்கிறது. அந்தப் பயத்தை அவருக்குள் வைத்தவர்கள் நாங்கள். பட்டாவில் அவர் பெயர் ஏறிய பிறகு தம்பியின் குரல் அம்மாவிடம் கொஞ்சம் தணிந்திருப்பதை நானே பார்த்தேன்.

இனி, இதே நிலைமையில் இருப்பவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போதே அம்மா பெயரும் எல்லா மகள்கள் பெயரும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு ஒரு எழுத்து மாறியதில் இரண்டு மாதம் இழுத்தது. வில்லங்கச் சான்றிதழ் போட்டு எது பூர்வீகம், எது அப்பா வாங்கியது என்று பிரித்துக்கொள்ளுங்கள், பாதிச் சண்டை அதில்தான் கிளம்புகிறது. பத்திர நகலைச் சகோதரியிடம் ஒரு வாரம் முன்னாலேயே கொடுங்கள், அவர் தனக்கென்று ஒரு வக்கீலிடம் காட்டட்டும். காசு இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாகச் சட்ட உதவி உண்டு. அப்புறம், பதிவான விடுதலைப் பத்திரத்தை 'மனசு மாறிவிட்டது' என்று சொல்லி ஒருவர் போய் ரத்து செய்ய முடியாது. கோர்ட்டுக்குப் போய் ஏமாற்றி வாங்கினார்கள் என்று நிரூபிக்க வேண்டும். ஆகவே சகோதரிகளே, 'பெற்றுக்கொண்டபடியால்' என்ற சொல்லை எந்தப் பத்திரத்தில் பார்த்தாலும் நின்று படியுங்கள். 2004 டிசம்பர் 20க்கு முன்னால் முறையாகப் பதிவு செய்து முடிந்த பாகப்பிரிவினையை 2005 திருத்தம் தொடுவதில்லை என்பதையும் தெரிந்துகொண்டு பேச்சைத் தொடங்கினால் வீண் எதிர்பார்ப்பு இருக்காது. இதெல்லாம் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கு. மற்ற மதத்தவர்களுக்கு வேறு சட்டம், வேறு கணக்கு.

பங்கு கேட்கிறவள் கடனையும் ஏற்பாளா, அம்மாவைப் பார்ப்பாளா என்று மாமா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. போர்செட்டுக்காக அப்பா வாங்கிய கைக்கடன் ஒன்றரை லட்சம் பாக்கி இருந்தது. தங்கச்சி தன் பங்கு ஐம்பதாயிரத்தை எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் கட்டினாள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது பதினெட்டு நாள் கூட இருந்து சொட்டு மருந்து விட்டவளும் அவள்தான். மாமா அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பாகப்பிரிவினையில் தம்பி கையெழுத்துப் போட்டான், ஆனால் தங்கச்சி வீட்டு வாசலை இன்றுவரை மிதிக்கவில்லை. பங்கு கேட்டால் பிறந்த வீட்டு உறவு போய்விடும் என்று பெண்களைப் பயமுறுத்துகிறோமே, அது பொய்யில்லை. அப்படிப் போக வைப்பது நாம்தான். மச்சானின் தங்கைகள் மறுவருடமே பங்கு கேட்டு வந்தார்கள். "நீங்க ஆரம்பிச்சு வச்சீங்க" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். முதல் போகக் குத்தகைப் பணத்தில் தங்கச்சி என்ன செய்தாள் என்று கேட்க வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லையே.

இந்தக் கதையைப் பெருமையாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாரத்தில் ஒரு நாள் மனைவிக்கு நான் செய்கிற உதவி அது. கல்லூரியிலிருந்து வந்திருந்த என் மகள் கேட்டாள்: "அம்மாவுக்கு ஹெல்ப் பண்றேன்னு சொல்றீங்களே, அப்போ வீடு அம்மாவோடதா? பத்திரம் உங்க பேர்லதானேப்பா இருக்கு?"

வேலை என்று வரும்போது வீடு அவளுடையது, பத்திரம் என்று வரும்போது என்னுடையது! எனக்குப் பதில் வரவில்லை. அந்த வாரம் முழுக்க, யார் என்ன வேலையை எவ்வளவு நேரம் செய்கிறோம் என்று காலண்டருக்குப் பின்னால் எழுதி வைத்தேன். மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை, என்னைப் போலவே எட்டு மணி நேர வேலை. அது போக வீட்டில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். நான் நாற்பது நிமிடம். அதில் பத்து நிமிடம் வண்டி துடைப்பது. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக இருக்கிறது. அந்த 97கூட, வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி. பெண்ணியவாதி என்று பெயர் வாங்கியிருந்த நான் அதிலும் பாதியைத் தொடவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். ஆனால் வேலை செய்த நேரத்தை மட்டும் எழுதினால் போதாது. கேஸ் எப்போது தீரும், மாமியாரின் மாத்திரை எப்போது முடியும், மொய் எழுத வேண்டிய கல்யாணம் என்றைக்கு என்று மண்டையில் சுமப்பது யார் என்பதையும் எழுத வேண்டும். 'சொன்னா செய்ய மாட்டேனா?' என்று ஆண்கள் கேட்போம். சொல்ல வேண்டிய வேலையும் அவள் தலையில்தான்.

2023 செப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரத் தொடங்கியபோது தமிழ்நாடு அரசு அதற்கு 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தது. எங்கள் டீக்கடையில் அதை 'ஓசிப் பணம்' என்பார்கள், டவுன் பஸ்ஸை 'ஓசி பஸ்' என்பது போலவே. அரசியல் லாபக் கணக்கு இல்லாமல் இருக்காது, அது தனி. ஆனால் 'உதவி' என்று எழுதாமல் 'உரிமை' என்று எழுதியது சரி என்று ஒருநாள் அங்கே சொல்லிப் பார்த்தேன். "சார் கட்சியில சேர்ந்துட்டாரா?" என்று சிரித்தார்கள். நான் இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டுக் கதை இன்னும் முடியவில்லை. 2006இல் வங்கிக் கடன் போட்டுக் கட்டிய வீடு. தவணையில் பாதி மனைவியின் சம்பளத்திலிருந்து போனது. பதிவு செய்த அன்று அவளுக்குப் பள்ளியில் தேர்வு, அதனால் என் பெயரில் மட்டும் ஆயிற்று. அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதியை அவள் பெயருக்கு மாற்ற முடிவு செய்து இரண்டு வருடமாகிறது. போன மாதம்தான் பத்திர எழுத்தரிடம் போனேன். கணவன் மனைவிக்கு எழுதுவதென்றால் தான செட்டில்மெண்ட் பத்திரம் என்றார். மாதிரியைக் காட்டினார். 'தங்கள்பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும் தானமாகக் கொடுத்திருப்பதாவது' என்று தொடங்கியது.

அவளும் சம்பளம் போட்டுக் கட்டிய வீட்டில் பாதியை நான் அவளுக்குத் தானம் செய்ய வேண்டும்.

"இதுக்கு வேற வார்த்தை போட முடியாதா?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல இருக்குற மாடல் இதுதான் சார்" என்றார்.